லேபிளில் பாதிப் பெயர்: பழைய இசைத்தட்டுகளில் பெண் குரல்களைத் தேடுவது

நீங்கள் முக்கியமாக இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்., பட்டம்மாள், எம்.எல்.வி. மூவரைத் தாண்டிப் பழைய பெண் பாடகிகளின் ஒலிப்பதிவு எதைத் தேடினாலும் கையில் சிக்குவதில்லையே, எங்கே தேடுவது என்பது முதல் கேள்வி. பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த டிரங்குப் பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் இருக்கின்றன, அவற்றை இணையத்தில் ஏற்றிப் பகிரலாமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் இருப்பதாகப் படுகிறது: அந்தக் காலத்தில் பெண்கள் உண்மையிலேயே அவ்வளவு குறைவாகத்தான் தட்டு கொடுத்தார்களா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. தென்னிந்திய இசைத்தட்டின் முதல் தலைமுறையில் முன்வரிசையில் நின்றவர்களில் பலர் பெண்கள்தான். பதிவுகள் நிறையவே இருந்தன. அவற்றின் மேல் இருந்த பெயர்தான் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அதனால் பாட்டைத் தேடுவதைவிடப் பெயரைத் தேடுவதுதான் இதில் பெரிய வேலை.

இருபத்தைந்து வருடமாகப் பழைய 78 சுற்றுத் தட்டுகளை (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கிராமபோன் தட்டுகள்) கணினியில் ஏற்றி, அட்டவணை போட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். கர்நாடக சங்கீதமும் நாடகப் பாட்டும்தான் என் கை பழகியவை. சட்டம் பற்றிக் கீழே சொல்வது தொழிலில் அடிபட்டுக் கற்றது. நான் வக்கீல் இல்லை.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பொறியாளர் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கடை விரித்தபோது அவர் பதிவு செய்த முக்கியமான குரல் கல்கத்தாப் பாடகி கௌஹர் ஜானுடையது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைப் பக்கம் வந்த பதிவுக் குழுக்களுக்குப் பாடிக் கொடுத்தவர்களில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் உண்டு. இவை சந்தேகமே இல்லாதவை, தட்டுகள் இருக்கின்றன. ஏன் பெண்கள் முந்திக்கொண்டார்கள் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பதிவுக் கருவியின் குழாய்க்குள் பாடினால் குரல் போய்விடும் என்று வித்வான்கள் பயந்தார்கள் என்ற கதையை எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் கேட்டிருக்கிறேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேவதாசிக் குடும்பங்களில் வளர்ந்த பெண்கள் ஏற்கெனவே சபையில் பாடிச் சம்பாதித்தவர்கள், கம்பெனிக்காரரோடு தாங்களே பேரம் பேசக்கூடியவர்கள் என்பது அதைவிட நம்பும்படியான காரணம். கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாகும் ஜெர்மனியில் எந்தப் பாட்டு யாருடையது என்று குழம்பாமலிருக்கவே அந்த ஏற்பாடு என்பார்கள். பெயர் சொன்னது நம் காதாலேயே கேட்கக்கூடியது. காரணம் பொருத்தமாக இருக்கிறது, அதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

தாயியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912 வாக்கில் இந்தியா வந்தவர். தாயியின் தட்டுகளைக் கேட்டுச் சொக்கிப்போனார். ராமலிங்க அடிகளின் அருட்பாவைத் தாயி ராகமாலிகையாகப் பாடிய தட்டு ஒன்றை அடியொற்றிப் பியானோவுக்கு ஒரு படைப்பே எழுதினார். அதற்கு 'ராகமாலிகா' என்றே பெயரும் வைத்தார். நம் ஊர் நாதத்துக்காகப் பியானோவின் ஒரு தந்தியை அமுக்கி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தாயி 1917-ல் காலமாகிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பியானோ வரிகளையும் தட்டையும் பக்கத்தில் வைத்து இது அதுதான் என்று காட்ட முடிந்தது. தட்டில் பாடியவர் பெயரும் எண்ணும் இருந்ததால் வந்த வினை, நல்ல வினை. லேபிள் இல்லாமல் அந்தக் குரல் மட்டும் பாரீசுக்குப் போயிருந்தால் "ஓர் இந்தியப் பாடகி" என்பதோடு முடிந்திருக்கும்.

சரி, தேடலுக்கு வருவோம். நம் பாடகிகளின் பெயரே ஒரு வழிகாட்டி, முன்னெழுத்தை விரித்துப் பாருங்கள். எம்.எஸ். என்பது மதுரை சண்முகவடிவு, அவருடைய அம்மா. எம்.எல். வசந்தகுமாரியின் எம்.எல். மெட்ராஸ் லலிதாங்கி, அதுவும் அம்மா. கே.பி. சுந்தராம்பாளின் பி. என்பது பாலாம்பாள், மறுபடியும் அம்மா. டி.கே. பட்டம்மாளுக்கு மட்டும் தாமல் கிருஷ்ணசாமி என்று ஊரும் அப்பாவும். முன்னெழுத்தில் இருப்பது அம்மாவா அப்பாவா என்பது, எந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதைச் சுட்டுகிற அடையாளம். தேடுகிறவருக்கு அதுவே ஒரு படி பின்னால் போகும் வாசல். எம்.எல்.வி.யிலிருந்து லலிதாங்கிக்குப் போனால் புரந்தரதாசர் பாடல்களைத் தமிழ்நாட்டு மேடைக்குக் கொண்டுவந்த ஒரு குரல் கிடைக்கும். எம்.எஸ். பத்து வயதில் கொடுத்த முதல் தட்டில் வீணை வாசித்தது சண்முகவடிவு. மகளின் தட்டுக்குள் அம்மா இருக்கிறார், தேடுபொறியில் அவர் பெயரைப் போட்டால்தான் ஒன்றும் வராது.

இணையத்தில் தேடும்போது 'அரிய பாடல்' என்றெல்லாம் போட்டால் அந்தச் சொல்லை விரும்புகிறவர்கள் ஏற்றியவைதான் வரும். பாடகியின் பெயர், ஊர், பாட்டின் முதல் வரி, கம்பெனிப் பெயர் நான்கையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். தாயி என்ற இரண்டு எழுத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஹெச்' வைத்தும் வைக்காமலும், கடைசியில் 'ஒய்' போட்டும் 'ஐ' போட்டும் எத்தனையோ விதம் உண்டு, எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். லேபிளில் மிஸ், ஸ்ரீமதி என்று முன்னால் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். ஒரே பெண் கல்யாணத்துக்கு முன் ஒரு பெயரிலும் பின் வேறு பெயரிலும் தட்டு கொடுத்திருப்பதும் உண்டு.

பெட்டியிலிருக்கும் தட்டுகளைப் படிக்கும் முறை இது. மேசை விளக்கைத் தாழ்த்தி, தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் நகத்தால் கீறினாற்போல ஓர் எண் தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண், அந்தப் பாட்டை அச்செடுத்த மூல அச்சின் எண். லேபிளில் இருப்பது விற்பனை எண். விற்பனை எண் மாறும்: முதலில் வந்த பதிவையே சில வருடம் கழித்து விலை குறைந்த இன்னொரு லேபிளில், வேறு எண்ணில் வெளியிடுவார்கள். மேட்ரிக்ஸ் அநேகமாக மாறாது. ஒரே அமர்வில் பதிவானவற்றுக்கு அடுத்தடுத்த எண்கள் விழும். ஆகவே, ஒரு பாடகியின் இரண்டு தட்டுகளின் எண் தெரிந்தால் நடுவில் விடுபட்டவை எத்தனை என்று ஊகிக்கலாம். தேதி பெரும்பாலும் எங்குமே இருக்காது. இணையத்தில் '1910 பதிவு' என்று உறுதியாகப் போட்டிருப்பதில் பாதி, யாரோ ஒருவருடைய ஊகம். காதாலும் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. அதற்கு முன் எல்லாம் குழாய் முன்னால் நின்று பாடியவை. மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோலக் கேட்டு, ஆர்மோனியம் மட்டும் பக்கத்தில் ஒலித்தால் அநேகமாகக் குழாய்க் காலம்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் லேபிள் முழுக்கக் கரைந்துபோன தட்டு ஒன்று வந்தது. குரலைக் கேட்டதும் இவர்தான் என்று எனக்குள் மணி அடித்தது. அந்தக் கமகம், அந்த மூக்குச் சாயல், வேறு யாராக இருக்க முடியும்? பெயரைப் போட்டு ஏற்றிவிட்டேன். மூன்று வருடம் கழித்து லேபிள் நன்றாக இருந்த இன்னொரு பிரதி கிடைத்தது. அதே மேட்ரிக்ஸ் எண், ஆனால் வேறொரு பாடகியின் பெயர், நான் கேள்விப்பட்டே இராதவர். என் பதிவைத் திருத்தினேன். அதற்குள் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டவர்களை என்ன செய்வது? எழுதிப் பார்த்தேன், சிலர் மாற்றினார்கள், மற்றவை இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அம்மாவின் பேரில் மிஞ்சிய ஒரே பாட்டை நானே இன்னொருவர் கணக்கில் எழுதிவைத்தேன் என்பது இப்போதும் உறுத்துகிறது. அன்றிலிருந்து குரலை வைத்துப் பெயர் போடுவதில்லை.

சுருதி விஷயத்திலும் ஏமாறக்கூடாது. 78 என்று பெயரே தவிர, பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 80-க்கு மேல் வரை எந்த வேகத்திலும் பதிவாகியிருக்கலாம். 73 அல்லது 74 சுற்றில் பதிவானதை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும், தாளமும் ஓடும். பெண் குரல் அப்படி ஏறும்போது குழந்தைக் குரல்போலக் கீச்சென்று ஆகிவிடுகிறது. கேட்பவர் 'அந்தக் காலத்துப் பெண்களெல்லாம் இப்படித்தான் பாடினார்கள்' என்று முடிவு கட்டிவிடுகிறார். அன்று பலர் உச்ச சுருதியில் பாடியதும் உண்மை, சுந்தராம்பாளைக் கேட்டாலே தெரியும். மைக் இல்லாமல் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டிய குரல் அது. இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய வழி ஆர்மோனியம். அதன் கட்டைகளின் சுருதி நிலையானது. பாட்டின் சட்ஜம், அதாவது 'ச' என்ற ஆதார சுரம், இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால் வேகம் தப்பு என்று சந்தேகப்படலாம். எல்லா ஆர்மோனியமும் ஒரே சுருதியில் செய்யப்பட்டவை அல்ல, அதனால் இது சோதனைதான், தீர்ப்பு இல்லை.

நேரில் போய்க் கேட்க, பார்க்க இடங்கள் இருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் உண்டு. தட்டோடு விற்ற இந்தச் சின்னப் புத்தகங்களில் பாட்டு, பாடியவர் பெயர், சில சமயம் படம்கூட இருக்கும், தட்டே உடைந்துபோயிருந்தாலும் இவை சாட்சி சொல்லும். 1982-ல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இனவரைவிசை ஆவணக் காப்பகம் கள ஒலிப்பதிவுகளுக்கு நல்ல இடம். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், 'யங் இந்தியா' லேபிளின் தட்டுகளை பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாபத்து ஆவணத் திட்டத்தில் எண்ணிமமாக்கியிருக்கிறது, வீட்டிலிருந்தே கேட்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் பழைய ஒலிப்பதிவு கடல்போலக் கிடக்கிறது. தலைப்பை நம்பாதீர்கள், லேபிள் படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் படியுங்கள். பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கம் இன்னொரு சுரங்கம். ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன் கூட்டாக நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்ற காலத்தில், இந்த மாதம் வந்த தட்டுகள் என்று பட்டியலே போடுவார்கள். அதில் நீங்கள் கேள்விப்படாத பெண் பெயர்கள் வரிசையாக வரும்.

தட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். வீணை தனம்மாள் வாசித்த தட்டுகள் சிலவே. அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தாவின் இசையை நாம் இன்று அறிவது பெரும்பாலும் கச்சேரியிலும் வீட்டிலும் பாடம் நடக்கும்போதும் எடுத்த டேப்புகளால்தான். பிருந்தா சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், ஆகவே நம் ஊர்ப் பதம் என்னும் பாடல்களைத் தேடி அங்கே போகவேண்டி வரலாம். என்.சி. வசந்தகோகிலம் 1951-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். தட்டுகளைக் கேட்டுவிட்டு, இன்னும் முப்பது வருடம் பாடியிருந்தால் மூவர் என்ற கணக்கே மாறியிருக்கும் என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். எங்கே தொடங்குவது என்று கேட்டால் அவரிடமே தொடங்குங்கள் என்பேன். நாட்டுப்புறப் பாட்டுக்கு 1980-களின் கேசட்டுகள்: கொல்லங்குடி கருப்பாயி, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்கள். கேசட் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், பம்பை அடித்தவர் பெயர் அந்த அட்டையில் மட்டுமே இருக்கலாம். பாடகிகளோடு நிறுத்திக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சிக்கில் குஞ்சுமணி, நீலா சகோதரிகளின் புல்லாங்குழல், மதுரை பொன்னுத்தாயின் நாகஸ்வரம், பாட்டு எழுதிய அம்புஜம் கிருஷ்ணா, வை.மு. கோதைநாயகி ஆகியோரையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகிரலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1950-ல் வெளியான தட்டு என்றால் 2010 முடிவோடு சரி. பரணில் கிடைத்தவை 78 சுற்றுத் தட்டுகள் என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தாண்டியிருக்கும். ஆனால் தட்டு வேறு, பாட்டு வேறு. பாட்டை எழுதியவரின் உரிமை அவர் மறைந்த பிறகும் 60 வருடம் தொடரும். தியாகராஜருக்குப் பிரச்சினை இல்லை. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. 1989-ல் மறைந்த அம்புஜம் கிருஷ்ணாவுக்கு 2049 வரை. வெளிநாட்டுத் தளத்தில் ஏற்றினால் அந்த நாட்டுச் சட்டமும் குறுக்கே வரும்: 1925-ல் வெளியான ஒலிப்பதிவு அமெரிக்காவில் பொதுச்சொத்தானது 2026 ஜனவரியில்தான். யூடியூப் போன்ற தளங்களில், உரிமை தீர்ந்த தட்டுக்குக்கூட ஏதாவது கம்பெனி தன்னுடையது என்று தானியங்கி உரிமைக்கோரல் அனுப்பும், அவர்கள் பின்னாளில் மறுவெளியீடு செய்திருப்பார்கள். லேபிள் படத்தையும் உங்கள் மூலத் தட்டையும் காட்டிப் பதில் எழுதலாம், சில சமயம் வெற்றி கிடைக்கும். வெளியிடப்படாத கச்சேரி டேப் மட்டும் வேறு கதை. பாடியவருக்கென்று தனி உரிமை உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுக் கூடத்தில் பத்துப் பேருக்காகப் பாடியதை ஊருக்குப் போடுவதற்கு முன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை.

ஏற்றும்போது என்னென்ன எழுதவேண்டும் என்று கேட்டால், லேபிளில் உள்ளதை உள்ளபடியே, எழுத்துப்பிழையோடு, எழுதுங்கள். கம்பெனி, விற்பனை எண், மேட்ரிக்ஸ் எண், எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பது, தட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது. உங்கள் ஊகம் எதுவானாலும் தனி வரியில், ஊகம் என்றே சொல்லி. லேபிள் படம் இரண்டு பக்கமும். இரைச்சலை நீக்கிய கோப்பு ஒன்று போட்டால் நீக்காததையும் கூடவே போட்டுவிடுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் மெல்லிய தம்பூராவையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்டியைக் கவனியுங்கள். தட்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். ஸ்பிரிட், சானிடைசர் என்று ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினாலே ஆரம்பத்துக்குப் போதும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். தாத்தாவின் கிராமபோன் இருக்கிறதே என்று அதில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். அதன் இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாட்டைச் சுரண்டிக்கொண்டுதான் வரும். பின்னாளில் வந்த எல்.பி. தட்டுகளுக்கான ஊசியும் ஆகாது, அது இந்த அகலப் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலை மட்டும் எடுக்கும். 78-க்கென்று தனியாக விற்கும் தடித்த ஊசி வேண்டும்.

கடைசியாக, ஒரு தட்டில் லேபிள் பாதி அரித்து 'சேலம்' என்பது மட்டும் தெரிகிறது, இது கோதாவரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் சேலம் என்ற ஊர்ப்பெயரோடு பாடியவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. இப்போதைக்கு அந்தப் பெயரைப் போடவேண்டாம். விளக்கைச் சாய்த்து வளையத்தில் உள்ள எண்ணைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். இரண்டு பக்கத்து எண்ணும் வேண்டும்.